வால்ட்ஸை ஏன் ஒதுக்கினீர்கள்?

மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய இசைத்தட்டுகளை மறுவெளியீடு செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

பரணிலும் சந்தையிலும் கிடக்கும் பழைய இசைத்தட்டுகளைத் தேடியெடுத்து, தூசி தட்டி, கரகரப்பைக் குறைத்து, அழகான அட்டை போட்டு மறுபடி விற்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் மனத்தாங்கல் எனக்கு இந்த மொழியில்தான் ஒழுங்காக வரும். உங்கள் வெளியீடுகளைக் காசு கொடுத்து வாங்கும் தமிழர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது உங்களுக்கு எடுத்துச் சொல்லட்டும்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். 1928-ல் குவாமே அசாரேயும் அவருடைய இரு தோழர்களும் ‘குமாசி டிரியோ’ என்ற பெயரில் லண்டனில் பதிவு செய்த ‘யா அம்போன்சா’ இன்று என் வீட்டுத் திண்ணையில் கேட்கிறது என்றால் அது உங்கள் தயவு. இரண்டு கிதார்கள் ஒன்றையொன்று துரத்தும் அந்தத் துள்ளலுக்காக நான் உங்களுக்கு என்றும் கடன்பட்டவன். ஆகவே பின்வருவதை நன்றி கெட்டவன் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்ற ஆண்டு ஒரு தொகுப்பு வாங்கினேன். கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா) நடன ஆர்கெஸ்ட்ராக்களைப் பற்றியது. வெளியிட்டவர்களின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இந்தப் பழக்கம் அவர்களோடு நிற்கவில்லை. கூடவே வந்த கையேட்டின் ஒரு மூலையில் ஒரு வாக்கியம்: இக்குழுக்கள் வாசித்த வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் போன்ற ஜோடி நடன இசைகள் ஐரோப்பிய இசையின் நகல்கள் என்பதால் சேர்க்கப்படவில்லை, இன்றைய கேட்பவருக்கு அவற்றில் சுவை குறைவு என்ற பொருளில். அந்த வாக்கியம் ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. இத்தனைக்கும் நான் வால்ட்ஸ் ரசிகன் அல்ல.

1914-ல் அக்ராவில் எக்செல்சியர் ஆர்கெஸ்ட்ரா தொடங்கியது. கா இன மக்களின் நகரம் அது. கோட்டைகளில் காவலிருந்த பட்டாளத்தின் பேண்டு வாத்தியம் அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே கடற்கரை முழுக்கப் பரவியிருந்தது. அசாந்தி அரசோடு ஆங்கிலேயர் நடத்திய போர்களுக்காகக் கேப் கோஸ்ட்டிலும் எல்மினாவிலும் கொண்டுவந்து இறக்கப்பட்ட மேற்கிந்தியத் தீவுப் படைவீரர்கள், ஓய்வு நேரத்தில் தங்கள் தீவுகளின் மெட்டுகளை வாசித்தார்கள். அதைக் கேட்ட ஃபான்டி இன இளைஞர்கள் அதே ஊதுகுழல்களில் தங்கள் மெட்டை ஏற்றினார்கள். ‘அடஹா’ என்ற பேண்டு இசை அப்படிப் பிறந்தது. துறைமுகங்களிலோ லைபீரியாவின் குரு இன மாலுமிகள் கிதாரைக் கொண்டுவந்து இரண்டே விரலில் மீட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஃபெர்னாண்டோ போ தீவுக்குத் தச்சு வேலைக்கும் கொல்லு வேலைக்கும் போன கா தொழிலாளிகள் திரும்பும்போது ‘கோமே’ என்ற சதுரப் பறையோடு திரும்பினார்கள். தெருவில் இவ்வளவும் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், எழுத்தரும் ஆசிரியரும் வணிகருமாக இருந்த அக்ராவின் படித்த கூட்டம் தனக்கென ஒரு மண்டபத்தையும் தனக்கென ஒரு ஆர்கெஸ்ட்ராவையும் தேடியது.

எக்செல்சியருக்குப் பின்னால் ஜாஸ் கிங்ஸ், ராக்-அ-ஜாஸ்போ, அக்ரா ஆர்கெஸ்ட்ரா, வின்னெபா ஆர்கெஸ்ட்ரா, கேப் கோஸ்ட் சுகர் பேபிஸ் என்று வரிசையாக வந்தன. பெயர்களைப் பாருங்கள். கேட்டால் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் போலிருக்கும். வயலின், கிளாரினெட், டிராம்போன், மேண்டலின் என்று பெரிய பெரிய குழுக்கள். அச்சடித்த சுரக் குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்கள். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப், ராக்டைம் என இரவு முழுக்க அதுதான் நிகழ்ச்சி நிரல். 1920களில் எப்போதோ ஒரு நாள், அந்த நிரலின் நடுவே, வெளியே தெருவில் பேண்டு வாத்தியக்காரர்களும் கிதார்க்காரர்களும் வாசித்துக்கொண்டிருந்த மெட்டு ஒன்று வயலின்களின் கையில் போய் உட்கார்ந்தது.

அந்த இசைக்கு ‘ஹைலைஃப்’ என்று பெயர் வந்த கதையை நீங்களே உங்கள் கையேடுகளில் பத்து முறை எழுதியிருக்கிறீர்கள். டிரம்பெட் கலைஞர் இ.டி. மென்சாவின் அண்ணன் யெபுவா மென்சா பின்னாளில் இசை வரலாற்றாளர் ஜான் காலின்ஸிடம் சொன்ன விவரம் அது. மண்டபத்துக்குள் நுழையக் கட்டணம் ஏறக்குறைய 7 ஷில்லிங் 6 பென்ஸ். முழு மாலை உடுப்பு கட்டாயம். வசதி இருந்தால் உயரத் தொப்பியும். அக்ராவின் கடற்காற்றுப் புழுக்கத்தில் அந்தத் தொப்பிக்குள் தலை என்ன பாடு பட்டிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. காசில்லாதவர்கள் வெளியே நின்று கேட்டார்கள், எட்டிப் பார்த்தார்கள். உள்ளே நடப்பது ‘உயர்ந்த வாழ்வு’ என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள்தான். அந்தப் பெயரில் பொறாமை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை. வெளியே நின்றவனின் காதால் ஒரு நிமிடம் கேளுங்கள். ஒரு மணி நேரமாக வால்ட்ஸ். அவனுக்குச் சம்பந்தமில்லாத இசை. ஆனாலும் நகராமல் நிற்கிறான். அடுத்து ஃபாக்ஸ்ட்ராட். மறுபடி வால்ட்ஸ். திடீரென்று அவன் பாட்டு! நேற்று மாலை சாராயக் கடை வாசலில் அவனே தாளம் போட்ட பாட்டு, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே இருந்து வருகிறது. உள்ளே இருக்கிற கனவான்களின் கால்கள் அதற்கு ஆடுகின்றன. அந்த அதிர்ச்சியில் முளைத்த பெயர் அது. முன்னும் பின்னும் இருந்த வால்ட்ஸை நீங்கள் உருவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழகான ஒரு மெட்டு. அதற்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பது கேட்பவனுக்குக் கடைசிவரை விளங்காது. நீங்கள் கையேட்டில் எழுதி வைப்பீர்கள், காதுக்குத் தெரியாது.

‘நகல்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். கிதாரும் வெளியிலிருந்து வந்ததுதான். டிரம்பெட்டும் அப்படித்தான். அடஹாவுக்குள் கரீபியன் இருக்கிறது. ‘ஆல் ஃபார் யூ’ என்ற பாடல், இ.டி. மென்சா பின்னாளில் தலைமை ஏற்ற டெம்போஸ் குழுவின் முத்திரைப் பாடல்களில் ஒன்று. அதே மெட்டை மேற்கிந்தியத் தீவுகளில் ‘ஸ்லை மங்கூஸ்’ என்று பாடுகிறார்கள். அதை நீங்கள் கொண்டாடுகிறீர்கள், சரிதான். கடல் தாண்டி வந்த கறுப்பு இசை என்றால் அது ‘வேர்’. கடல் தாண்டி வந்த வால்ட்ஸ் என்றால் ‘நகல்’. இந்தத் தராசு யாருடையது? அக்ராவில் அப்படி யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. வால் கோட்டு போட்ட ஆப்பிரிக்கர் வால்ட்ஸ் வாசிக்கும் படம் உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மரத்தடியில் கிதாரோடு உட்கார்ந்தவர் அட்டைப்படத்துக்கு வசதியாக இருக்கிறார்.

அந்த மண்டபத்துக் கூட்டத்தை நான் தூக்கிப்பிடிக்கவில்லை. அதில் மேட்டிமை இருந்தது, வெள்ளைக்காரனைப் போல் ஆகும் ஆசை இருந்தது, கதவுக்கு வெளியே நின்றவனைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். குவாமே அசாரே கிதார் கற்றுக்கொள்வது அவர் தந்தைக்கே பிடிக்கவில்லை; கிதார்க்காரன் என்றால் ஊர்சுற்றி என்ற எண்ணம். அந்த மேட்டிமையும் வரலாறுதானே ஐயா? அதையும் சேர்த்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கேப் கோஸ்ட் சுகர் பேபிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களின் பிற்பகுதியில் இந்தக் குழு நைஜீரியாவுக்குப் பயணம் போனது. அந்தக் காலத்தில் கடல் வழிப் பயணம், மூட்டை மூட்டையாக வாத்தியங்கள், சுரக் குறிப்புப் பெட்டிகள். நைஜீரியாவில் அவர்கள் எந்த வரிசையில் வாசித்திருப்பார்கள்? நிச்சயமாக ஹைலைஃப் மட்டும் வாசித்திருக்க மாட்டார்கள். ‘நடன ஆர்கெஸ்ட்ரா’ என்றால் எல்லா நடனத்துக்கும் வாசிக்கும் குழு என்றுதான் அன்று பொருள். இந்தக் குழுக்களின் தட்டுகள் கிதார்க் குழுக்களின் தட்டுகளைவிட அரிதாகவே கைக்கு வருகின்றன. அரிதானதிலும் பாதியை நீங்கள் கழித்தால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

அல்லது ஆசிரியர் ஜோ லாம்ப்ட்டி. ஜேம்ஸ் டவுன் அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் புல்லாங்குழலும் முரசும் சொல்லிக் கொடுத்தவர். அதிலிருந்தே அக்ரா ஆர்கெஸ்ட்ரா வளர்ந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் இம்மானுவேல் டெட்டே மென்சா, 1919-ல் பிறந்தவர். பின்னாளில் ஹைலைஃபின் அரசர் என்று நீங்கள் அட்டையில் போடும் அதே இ.டி. மென்சா. பள்ளிக்கூட அணிவகுப்புப் பாட்டு, தேவாலயக் கீதம், வால்ட்ஸ் எல்லாம்தான் அவர் விரலுக்குப் பாலபாடம். அண்ணனும் தம்பியுமாக நடத்திய அக்ரா ரிதமிக் ஆர்கெஸ்ட்ரா 1939-ல் ஒரு போட்டியில் வென்றது. என்ன போட்டி தெரியுமா? லண்டனில் அப்போது பைத்தியமாக ஆடிக்கொண்டிருந்த ‘லாம்பெத் வாக்’ நடனப் போட்டி. உங்கள் கையேட்டில் இதற்கு இடமில்லை. அரசரின் முதல் கிரீடமே அதுதான் என்று நான் சொல்வேன்.

இரண்டாம் உலகப் போர் வந்தது, பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் கலையத் தொடங்கின. கோல்டு கோஸ்ட் இளைஞர்கள் இந்தியா வழியாகப் பர்மாவுக்குப் போய்ச் சண்டை போட்டார்கள். அக்ராவில் ராணுவத் தலைமையகம் இருக்கும் இடத்துக்கு இன்றும் ‘பர்மா கேம்ப்’ என்றுதான் பெயர். பஸ் நடத்துநர் கூவும்போது முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்ராவில் வந்திறங்கிய வெள்ளைப் பட்டாளத்துக்கு ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசை வேண்டியிருந்தது. ஜாக் லெப்பர்ட் என்ற ஸ்காட்லாந்து சார்ஜெண்ட் ஒரு சிறிய குழுவைக் கூட்ட, மென்சா அதில் சேர்ந்து சாக்ஸபோனில் தேறினார். 1946-ல் டெம்போஸ் தொடங்கியபோது அதிலும் ஐரோப்பியர்கள் இருந்தார்கள். 1948-ல் மென்சா அதன் தலைவர். டிரம்ஸ்காரர் ‘கை வாரன்’ என்பவர் லண்டன் போய்வந்து கியூபத் தாளக் கருவிகளைக் கொண்டுவந்தார். 1950-ல் நைஜீரியாவுக்குப் பயணம்; பாபி பென்சன் உள்பட அங்கிருந்த குழுக்கள் ஹைலைஃப் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகு. 1952-லிருந்து டெக்கா நிறுவனத்தின் தட்டுகள். 1956 மேயில் அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் அக்ராவில் இறங்கியபோது அவரை வரவேற்றதும் ‘ஆல் ஃபார் யூ’தான். இவையெல்லாம் நீங்கள் நன்றாகவே எழுதிய பக்கங்கள், நான் விரிக்கவில்லை. ஒன்று மட்டும்: இதற்கிடையே மென்சா அரசு மருந்தாளர் படிப்பு படித்து, மருந்தாளராகவும் வேலை பார்த்தார். இரவில் டிரம்பெட், பகலில் மருந்துப் புட்டி.

இனி என் சொந்தக் கதை. 1998 முதல் 2004 வரை கானாவின் தேமா துறைமுகத்தில் கணக்கராக வேலை பார்த்தேன். எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற துறைமுக எழுத்தர் ஒருவர் இருந்தார். கா மொழியில் வயதான ஆணை மரியாதையாக ‘ஆட்டா’ என்பார்கள். என் வாயில் அது எப்போதும் ‘ஆத்தா’ என்றுதான் வரும். ஒரு பெரியவரை ஆறு ஆண்டுகள் ஆத்தா என்று கூப்பிட்ட ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். 1950களில் இளைஞராக அக்ராவின் கிளப்புகளில் ஆடித் தீர்த்தவர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் வெளியிட்டது போன்ற ஒரு தொகுப்பைப் பெருமையோடு கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். இரண்டு பாட்டு கேட்டார், மூன்று பாட்டு கேட்டார். நான்காவது தொடங்கியதும் கையை உயர்த்தினார். “எப்போது உட்காருவது?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். ஹைலைஃபுக்கு எல்லோரும் எழுந்து வட்டமாக ஆடுவார்கள், வியர்த்துக் கொட்டும். அது முடிந்ததும் வால்ட்ஸ் வந்தால்தான் வயதானவர்கள் எழுவார்கள், இளையவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். ஒரு பெண்ணைத் தனியாக ஆட அழைக்க வேண்டுமென்றால் வால்ட்ஸுக்குக் காத்திருக்க வேண்டும்; ஹைலைஃபில் எல்லோரும் எல்லோரோடும் ஆடிக்கொண்டிருப்பார்கள், பேச முடியாது. தன் மனைவியை முதன்முதலில் தொட்டது ஒரு வால்ட்ஸின்போது என்றார். உள்ளே அடுப்படியிலிருந்து அந்த அம்மாள் கா மொழியில் ஏதோ சத்தம் போட்டார். ஆட்டா சிரித்துக்கொண்டே, அது குவிக்ஸ்டெப்பாம் என்றார். பிறகு அந்தத் தாழ்வாரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, எழுபது வயதில், தட்டு எதுவும் இல்லாமல் வாயாலேயே மெட்டைப் போட்டுக்கொண்டு, குவிக்ஸ்டெப் ஆடிக் காட்டினார். சிமெண்டுத் தரையில் பாதம் உராயும் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

உங்கள் தொகுப்புகளில் உட்கார இடமில்லை. இருபது ஹைலைஃப், ஒன்றன்மேல் ஒன்று. அந்த இரவுகளின் மூச்சு அதுவல்ல.

இன்னொன்று, மூன்று நிமிடக் கணக்கு. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் அடங்கும். ஆர்கெஸ்ட்ரா மண்டபத்தில் எவ்வளவு நேரம் நீட்டினாலும் தட்டுக்கு வரும்போது நறுக்கித்தான் ஆக வேண்டும். ஆக தட்டு என்பதே ஏற்கெனவே ஒரு முறை நறுக்கியது. அதை நீங்கள் இரண்டாம் முறை நறுக்குகிறீர்கள். மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுத்துச் சுழற்றும் பெட்டிகளில் ஓடி ஓடித் தேய்ந்த தட்டுகள் அவை. (அந்தத் தட்டுகளைச் செய்த அரக்கில் பெரும்பங்கு எங்கள் சோட்டா நாக்பூர்க் காடுகளில் பூச்சிகள் மரக்கிளையில் சுரந்தது, இங்கிருந்து கப்பலேறி இங்கிலாந்தில் தட்டாகி மேற்கு ஆப்பிரிக்காவில் போய் இறங்கியது. எனக்கும் இதில் ஒரு துளி பாத்தியதை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

பெயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அட்டையில் தலைவரின் பெயர் பெரிதாக இருக்கிறது. இரண்டாம் டிரம்பெட் யார், கான்கா முரசு யார் அடித்தார்கள்? ஜூலி ஓகினே டெம்போஸோடு பாடிய பெண். ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த மேடையில் ‘நத்திங் பட் எ மேன்ஸ் ஸ்லேவ்’ என்று பாடியவர். என்னிடமுள்ள ஒரு தொகுப்பில் அந்தப் பாட்டு இருக்கிறது, அவர் பெயர் இல்லை. தெரியாத பெயருக்குப் பக்கத்தில் ‘தெரியவில்லை’ என்று அச்சிட எவ்வளவு மை செலவாகும்? பாட்டு எந்த மொழி என்றாவது போடுங்கள். ட்வியும் ஃபான்டியும் காவும் எவேயும் ஒன்றல்ல; எல்லாவற்றுக்கும் ‘ஆப்பிரிக்க மொழிப் பாடல்’ என்று போட்டால் எப்படி? 1957 மார்ச் 6-க்கு முன்னால் பதிவானவற்றுக்குத் தலைப்பில் ‘கானா’ என்று போடுவதைக்கூட விற்பனைக்காக என்று மன்னித்துவிடுவேன்.

செலவு ஆகும் என்பீர்கள். வால்ட்ஸை யார் வாங்குவார்கள் என்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் வெளியிடச் சொல்லவில்லை. அடுத்த முறை ஓர் ஆர்கெஸ்ட்ராவின் தட்டு கையில் வரும்போது, ஒரு பக்கம் ஹைலைஃபும் மறுபக்கம் வால்ட்ஸுமாக இருந்தால், இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். ஒரே ஒரு தொகுப்பை மண்டபத்து வரிசையில் கோத்துப் பாருங்கள்: இரண்டு வால்ட்ஸ், ஒரு ஃபாக்ஸ்ட்ராட், பிறகு ஹைலைஃப். கேட்பவன் பத்து நிமிடம் பொறுமையாகக் காத்திருந்து அந்த மெட்டைச் சந்திக்கட்டும். வெளியிடாமல் ஒதுக்கிய பதிவுகளின் நகலையாவது கேப் கோஸ்ட்டிலும் அக்ராவிலும் இருக்கிற ஆவணக் காப்பகங்களுக்கு அனுப்பிவையுங்கள். அவர்கள் பிள்ளைகள் கேட்கட்டும், பிடிக்கவில்லை என்றால் அவர்கள் ஒதுக்கட்டும்.

என் பெயரும் முகவரியும் உங்களில் நால்வரின் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்கின்றன. அப்படி ஒரு தொகுப்பு வந்தால் எனக்கு இரண்டு பிரதிகள் வேண்டும்; முன்பணம் அனுப்பத் தயார். ஆட்டா இப்போது இல்லை. அந்த அம்மாள் இருக்கிறார். குவிக்ஸ்டெப்பும் ஒன்று சேர்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
தேமாவில் ஆறு ஆண்டுகள் கணக்கு எழுதிய ஒரு கேட்பவன்